பனி போன பிறகு வரும் சளி

மார்கழியில் சளி பிடித்தால் யாரும் காரணம் தேடுவதில்லை. தலையில் பனி இறங்கிவிட்டது, விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தாயிற்று என்று பதில் தயாராக இருக்கும். மாசி முடிந்து முதுகில் வெயில் உறைக்கத் தொடங்கிய பிறகும் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் தும்முகிறார்களே, அதற்கு என்ன காரணம்? போர்வையை மடித்து வைத்து, மின்விசிறியைத் தூசி தட்டிச் சுழலவிட்டாயிற்று. இருமல் மட்டும் போக மறுக்கிறது. சாப்பிட்டதும் மந்தம், காலையில் எழச் சோம்பல். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வகுப்பில் பல இடங்கள் காலி.

வட இந்தியாவில் இந்தப் புதிர் இன்னும் அழுத்தமாகத் தெரியும். தில்லியில் ஜனவரி மாதப் பகல் வெப்பம் சராசரியாக 20 டிகிரி செல்சியஸ். ஏப்ரலில் அது 36 டிகிரியைத் தொடும். மூன்றே மாதத்தில் 16 டிகிரி ஏற்றம். இடையில் வருவதுதான் வசந்தம்: மாம்பூ, குயில், இதமான காற்று. கவிஞர்கள் கொண்டாடிய அதே பருவத்தை மருத்துவ நூல்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்தன. பல நோய்கள் கிளம்பும் காலம் என்று எச்சரித்தன. அதற்கென்று தனிச் சாப்பாடும் தனி நடைமுறையும் வகுத்தன.

அந்த எச்சரிக்கையில் எது இன்றும் நிற்கிறது, எது நிற்கவில்லை?

உறைந்தது இளகும்போது

ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதையின் சூத்திரத்தானத்தில் ஆறாம் அத்தியாயம் முழுக்கப் பருவங்களைப் பற்றியது. அதற்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு, சுமார் 7ஆம் நூற்றாண்டில், வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயத்தின் மூன்றாம் அத்தியாயமும் அப்படியே. இந்தத் துறைக்கு ருதுசரியை என்று பெயர். தமிழில் பருவ ஒழுக்கம் எனலாம். ஆண்டை இரண்டிரண்டு மாதமாக ஆறு பருவங்களாகப் பிரித்து, எப்போது என்ன சாப்பிடுவது, எவ்வளவு உழைப்பது, பகலில் தூங்கலாமா கூடாதா, குளிக்கும் நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்பது வரை சொல்லும் நூல் பகுதி அது.

உடலை நடத்துபவை வாதம், பித்தம், கபம் என்ற மூன்று என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை. சித்த மருத்துவம் இவற்றை வளி, அழல், ஐயம் என்று சொல்லும். ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் சேரும், அடுத்த பருவத்தில் பொங்கும், அதற்கடுத்த பருவத்தில் தணியும். கபத்தின் முறை குளிர்காலத்தில் தொடங்குகிறது. குளிரில் பசி அதிகம், நெய்யும் இனிப்பும் கனத்த உணவும் உள்ளே போகின்றன, கபம் சேர்கிறது. ஆனால் அப்போது தொல்லை தெரியாது. தேங்காய் எண்ணெய் பாட்டிலை நினைத்துக்கொண்டால் போதும்: தை மாதக் காலையில் வெள்ளையாக உறைந்து கிடக்கும், வெயிலில் வைத்தால் இளகி ஓடும். வசந்தத்துச் சூரியன் உடலுக்குள் உறைந்திருந்த கபத்தை இப்படி இளக்கிவிடுகிறது என்பதுதான் நூல்களின் விளக்கம். இளகிய கபம் செரிமான நெருப்பை அணைக்கிறது. அதனால் பசியின்மை, மந்தம், சளி, இருமல்.

இந்த விளக்கத்தில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. நோய் வெளிப்படும் பருவம் ஒன்று, அது விளையும் பருவம் வேறு என்கிறது அது. இன்றைக்குத் தும்முகிறவர் நேற்றுச் சாப்பிட்டதைத்தான் குற்றம் சொல்வார். வாக்படரோ இரண்டு மாதத்துக்கு முந்தைய தட்டைப் பார்க்கச் சொல்கிறார். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி விட்டு யோசிப்பது அந்தக் காலத்தில் சாதாரணமான காரியமல்ல.

தட்டில் என்ன, தம்ளரில் என்ன

விளக்கம் அதுவென்றால் மருந்து தானே வந்துவிடுகிறது. இளகியதை வெளியேற்று, மிச்சத்தை உலர்த்து, புதிதாகச் சேர்க்காதே.

வசந்தத்தில் சாப்பிட வேண்டியவை பழைய வாற்கோதுமை, பழைய கோதுமை, தேன். கூடவே வறண்ட நிலத்து விலங்கு, பறவைகளின் இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுட்டது. ஆயுர்வேதம் என்றாலே சைவம் என்று நினைப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்; சரகத்தில் முயல், மான், காடை, கௌதாரி எல்லாம் பட்டியலில் உண்டு, சில வகை மதுவும் உண்டு. குடிக்க இஞ்சி போட்டுக் காய்ச்சிய நீர், தேன் கலந்த நீர், கோரைக்கிழங்கு நீர், வேங்கை போன்ற மரங்களின் வைரத்தை இட்டுக் காய்ச்சிய நீர். விலக்க வேண்டியவை கனமானவை, குளிர்ந்தவை, புளிப்பு, இனிப்பு, எண்ணெய்ப் பசை மிகுந்தவை. பகல் தூக்கம் கூடவே கூடாது. உடற்பயிற்சி, உலர்ந்த பொடியால் உடம்பைத் தேய்ப்பது, வாய் கொப்பளிப்பு, மூக்கில் மருந்து விடுதல் என்று நடைமுறைகள். நம் வீட்டு நலங்குமாவுக் குளியல் அந்தப் பொடித் தேய்ப்பின் நெருங்கிய உறவு. வாக்படர் ஒரு சலுகையும் தருகிறார்: நடுப்பகலை நண்பர்களோடு பேசிக்கொண்டு பூஞ்சோலையில் கழிக்கலாம். வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இல்லை என்பது தெரிகிறது.

தானியம் ஏன் பழையதாக இருக்க வேண்டும்? ஓராண்டாவது இருப்பு வைத்தது இலேசானது என்பது நூல்களின் கருத்து. இதற்கு ஆயுர்வேதம் படிக்க வேண்டியதில்லை, அரிசிக் கடைக்காரரைக் கேட்டால் போதும். புது அரிசி குழையும், ஒட்டும். பழைய அரிசி உதிரியாக வெந்து அதிகம் காணும், விலையும் கூடுதல். இருப்பில் இருக்கும்போது அரிசியின் மாவுச்சத்தைச் சுற்றியுள்ள புரதமும் கொழுப்பும் மாறுவதால், வேகும் விதமே மாறுகிறது. வாற்கோதுமைக்கும் இன்று நல்ல பெயர் இருக்கிறது. அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் சேர்வது கொலஸ்டிராலைக் குறைக்க உதவும் என்பதால், இதய நலன் பற்றிய வாசகத்தை வாற்கோதுமை உணவுகளின் உறையில் அச்சிட 2006இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அது இதயத்துக்கான கணக்கு. சளியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

வசந்த காலத்துக்கென்று நூல்கள் முதன்மையாகச் சொல்லும் சிகிச்சை வமனம், அதாவது மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது. காணொளி பார்த்து வீட்டில் செய்கிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். உப்பு நீரைக் குடம் குடமாகக் குடித்து வாந்தி எடுத்தால் இரத்தத்தில் உப்புச் சமநிலை குலையும், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நூல்களே நோயாளியைப் பல நாள் தயார்ப்படுத்தி, மருத்துவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியதாகத்தான் அதை எழுதி வைத்தன.

மூக்கு சொல்லும் கதை

இனி விளக்கத்தைச் சோதிக்கலாம். மார்கழியில் சேர்ந்த சளி பங்குனியில் இளகுகிறதா? இல்லை. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் ஊறும் சளியில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அது அன்றன்றைக்கு உற்பத்தியாகி அன்றன்றைக்கே வெளியேறுகிறது. மூச்சுப் பாதையின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத குறுமயிர்கள் நொடிக்கு 10 முதல் 15 முறை அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளிப் படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு மாதம் உறைந்து காத்திருக்கும் சேமிப்பு எதுவும் உடம்பில் இல்லை.

விளக்கம் தவறு. ஆனால் கவனிப்பு தவறில்லை.

இந்தியாவில் பருவக் காய்ச்சல் எனப்படும் இன்ஃபுளுவென்சா ஆண்டுக்கு இரண்டு முறை உச்சம் தொடுகிறது: ஒன்று ஜனவரி முதல் மார்ச் வரை, மற்றொன்று மழைக்காலத்தை ஒட்டி. முதல் உச்சத்தின் வால்பகுதி அப்படியே வசந்தத்துக்குள் நீள்கிறது. சாதாரணச் சளிக்குக் காரணமான ரைனோ வைரஸ் குளிர்நாடுகளில் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் வசந்தத்திலும் தலைதூக்குகிறது. மூக்கின் உள்ளே வெப்பம் சுமார் 33 டிகிரி, நுரையீரலில் 37. இந்த வைரஸ் 37ஐவிட 33 டிகிரியில் நன்றாகப் பெருகுகிறது. அந்த வெப்பத்தில் செல்களின் தற்காப்பு மந்தமாவது ஒரு காரணம் என்று 2015இல் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகி குழுவினர் எலிகளின் மூச்சுப்பாதைச் செல்களை வைத்துக் காட்டினார்கள். வசந்தத்தின் விடிகாலைக் குளிர் மூக்குக்கு இன்னும் குளிர்தான், மதியம் என்னதான் வெயில் அடித்தாலும்.

மற்றொரு காரணம் மகரந்தம். புத்தரின் மருத்துவர் ஜீவகர் படித்ததாகப் பௌத்த நூல்கள் சொல்லும் தட்சசீலம் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இஸ்லாமாபாத். 1960களில் அந்தத் தலைநகரத்தைக் கட்டியபோது, சீக்கிரம் பச்சை பிடிக்கட்டும் என்று கிழக்காசியாவின் காகித முசுக்கொட்டை மரத்தை ஏராளமாக நட்டார்கள். இப்போது மார்ச் மாதத்தில் அங்கே ஒரு கனமீட்டர் காற்றில் 40,000க்கும் மேற்பட்ட மகரந்தத் துகள்கள் பதிவாகின்றன. ஆஸ்துமாக்காரர்கள் ஊரைவிட்டே கொஞ்ச நாள் போய்விடுகிறார்கள். பழைய ஆசிரியர்கள் காலத்தில் இந்த மரம் அங்கே இல்லை. ஆனால் வேறு மரங்களும் புற்களும் வசந்தத்தில் பூக்காமல் இருந்திருக்குமா? வெயில் ஏற ஏற மூக்கு ஒழுகுவதைப் பார்த்தவர்கள் 'இளகுகிறது' என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை.

பசி குறைவதற்கும் நெருப்பு அணைவது காரணமில்லை. சாப்பாட்டைச் செரித்து உறிஞ்சுவதே உடலுக்கு ஒரு வேலை. அதில் வெப்பம் பிறக்கிறது. புரத உணவில் கிடைக்கும் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் இப்படியே வெப்பமாகப் போய்விடும். குளிர்காலத்தில் அது வரவேற்கத்தக்க சூடு. வெயில் நாளில் வெளியேற்ற வேண்டிய சுமை. எனவே வெப்பம் ஏறும்போது உடல் பசியைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. அப்போது குளிர்காலத்து அளவிலேயே தட்டை நிரப்பினால் மந்தம் வராமல் என்ன செய்யும்? கனமான உணவைக் குறை என்ற அறிவுரை, காரணம் மாறினாலும், அப்படியே நிற்கிறது.

ஒரு வாய்க் கசப்பு

பருவ ஒழுக்கத்தில் மக்கள் மறக்காமல் வைத்திருப்பது ஒன்றே ஒன்று: கசப்பு. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கர்நாடகத்திலும் உகாதிப் பச்சடியில் வேப்பம்பூ. மகாராஷ்டிரத்தில் புத்தாண்டு நாளான குடி பாட்வா அன்று வேப்பங்கொழுந்தும் வெல்லமும். தமிழ்நாட்டில் சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி. வங்காளத்தில் இது ஒரு நாளோடு முடிவதில்லை. வசந்தம் முழுக்க மதியச் சாப்பாட்டின் முதல் கவளம் கசப்பாகவே இருக்கும். கசப்பும் துவர்ப்பும் கபத்தை உலர்த்தும் என்பது நூல் வாக்கு. அதைவிட எளிய காரணமும் உண்டு. வேம்பு இலையுதிர்த்துத் துளிர்ப்பதும் பூப்பதும் அப்போதுதான்.

வங்காளத்து நீம் பேகுனை எடுத்துக்கொள்வோம். சிறு துண்டுகளாக நறுக்கிய கத்தரிக்காயை வதக்கி, மொறுமொறுவென்று வறுத்த வேப்பங்கொழுந்தைச் சேர்த்து, இரண்டு பிடிச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவார்கள். அந்த ஒரு வாய் உள்ளே போனதும் என்ன நடக்கிறது?

வேம்பின் கசப்புப் பொருள்களில் முதலாவதைத் தனியே பிரித்து எடுத்தவர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி, 1942இல். நிம்பின் என்று பெயரிட்டார். இத்தகைய மூலக்கூறுகள் நாக்கின் சுவை மொட்டுகளில் உள்ள கசப்பு உணரிகளில் போய் அமர்கின்றன. உணரி என்பது செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரதம். குறிப்பிட்ட மூலக்கூறு தொட்டால் செல்லுக்குள் செய்தி அனுப்பும். இனிப்பை அறிய மனிதனுக்கு அடிப்படையில் ஒரே வகை உணரி போதுமாக இருக்கிறது. கசப்புக்கோ சுமார் 25 வகை. தாவரங்கள் தம்மைத் தின்ன வருபவர்களுக்காகத் தயாரித்து வைத்திருக்கும் நச்சுகள் அத்தனை விதம் என்பதால் காவலும் அத்தனை விதம். வேப்பம்பூவைக் கண்டு குழந்தை முகம் சுளிப்பது அடம் அல்ல, தற்காப்பு.

எல்லாருக்கும் ஒரே அளவு கசக்கும் என்றும் சொல்ல முடியாது. 1931இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஃபினைல்தயோகார்பமைடு என்ற தூளைப் புட்டியில் கொட்டும்போது கொஞ்சம் காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். தூளுக்கு இன்னும் அருகில் இருந்த ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் மாறி மாறி நக்கிப் பார்த்தும் முடிவு அதேதான். இந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்பது விரைவில் தெரிந்தது. அதற்கான மரபணுவை 2003இல் கண்டுபிடித்தார்கள். கசப்பு உணரிகளின் வரிசையில் அதற்கு எண் 38.

இதுவரை எல்லாம் நாக்கோடு நின்றது. 2009இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கசப்பு உணரிகளை எதிர்பாராத இடத்தில் கண்டார்கள்: மூச்சுக்குழாயின் குறுமயிர்களில். கசப்புப் பொருள் பட்டதும் குறுமயிர்கள் வேகமாக அசைந்தன. அடுத்த ஆண்டு மேரிலாந்தில் இன்னொரு குழு, மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையிலும் அவை இருப்பதைக் காட்டியது. நச்சு வருகிறது என்று குழாய் சுருங்கும் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்தார்கள், குழாய் விரிந்தது. 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் நோம் கோஹனும் ராபர்ட் லீயும் மூக்கின் உட்சுவரில் அந்த 38ஆம் எண் உணரியைப் பிடித்தார்கள். சில வகைப் பாக்டீரியாக்கள் தமக்குள் பேசிக்கொள்ளச் சுரக்கும் இரசாயனங்களை அது மோப்பம் பிடிக்கிறது. உடனே செல் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயு பாக்டீரியாவைக் கொல்கிறது, குறுமயிர்களையும் விரட்டி வேலை வாங்குகிறது. இந்த உணரி கூர்மையாக அமைந்தவர்களின் மூக்கறைகளில் அத்தகைய பாக்டீரியாத் தொற்று குறைவாக இருந்தது.

இவ்வளவு போதும், 'வேப்பம்பூ சாப்பிட்டால் சளி போகும், அமெரிக்காவே ஒப்புக்கொண்டது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட. ஆனால் கணக்கு அப்படி முடியவில்லை. ஆய்வகத்தில் கசப்புப் பொருளைச் செல்களின் மேலேயே நேரடியாக விட்டார்கள். வாயில் போட்ட வேப்பங்கொழுந்து இறங்குவது வயிற்றுக்கு. மூக்கின் உணரி காத்திருப்பது வேம்புக்காக அல்ல, பாக்டீரியாவின் உளவுச் செய்திக்காக. கசப்பு சாப்பிட்டவர்களுக்குச் சளி குறைந்தது என்று இந்த ஆய்வுகளில் எதுவும் சொல்லவில்லை. கசப்புக்கும் மூச்சுப்பாதைக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. அந்தத் தொடர்பு கத்தரிக்காய் வதக்கல் வழியாகப் போகிறது என்பது இன்னும் விருப்பம் மட்டுமே.

அதற்காக நீம் பேகுனைத் தள்ளிவிட வேண்டாம். கசப்பு நாக்கில் பட்டதும் உமிழ்நீர் ஊறுகிறது, மந்தமான வாய்க்கு அது நல்ல தொடக்கம். அளவும் இரண்டு கவளம்தான். அதையே பெரிய டம்ளர் சாறாக்கிக் குடிப்பது சமையலறையில் பிறந்த யோசனை இல்லை.

டீக்காதார்களின் மாசி மாதம்

வங்காளிகள் வசந்தத்தில் கசப்பும் முருங்கைப்பூவும் சாப்பிடுவது அம்மையை அஞ்சித்தான். பெரியம்மை அங்கே மார்ச் முதல் மே வரை பரவிவந்த நோய். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜான் ஹால்வெல் 1767இல் லண்டன் மருத்துவர்களுக்காக எழுதிய நூலில் ஒரு வழக்கத்தை விவரிக்கிறார். டீக்காதார் எனப்பட்ட அம்மை குத்துகிறவர்கள் ஆண்டுதோறும் நோய் தலைகாட்டும் முன்பே, பிப்ரவரி மார்ச்சில், ஊர்களுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் வரும் காலம் தெரிந்த மக்கள் ஒரு மாதம் முன்பே மீன், பால், நெய் மூன்றையும் நிறுத்திவிடுவார்கள். வந்தவர், முந்தைய ஆண்டு அம்மைக் கொப்புளத்தில் எடுத்துப் பஞ்சில் சேமித்த பொருளைக் கையில் கீறி வைப்பார். இலேசாக அம்மை கண்டு ஆறிவிடும். பிறகு அந்த ஆளுக்குப் பெரியம்மை வராது.

காத்தது மீன் நிறுத்தியது அல்ல, கையில் வைத்த கீறல். பத்தியம் கூடவே வந்த துணைதான். ஆனால் நோய்க்கு ஒரு பருவம் உண்டு, அதற்கு முன்பே போய் நிற்க வேண்டும் என்ற அறிவு முழுக்கச் சரியானது. 1973இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிப்புக்காக வீடு வீடாகத் தேடும் பெரும் பணியைத் தொடங்கியபோதும், நோய் அடங்கியிருக்கும் இலையுதிர் காலத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பரவல் குறைவாக இருக்கும்போதே சங்கிலியை அறுப்பது என்பது திட்டம். 1975 மே மாதம் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி பதிவானார்.

பதினான்கு நாள்

பருவ ஒழுக்கத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் அறிவியலோடு மிக நெருங்கி நிற்கும் பகுதி வேறொன்று. ஒரு பருவத்தின் கடைசி 7 நாளும் அடுத்ததன் முதல் 7 நாளும் சேர்ந்த காலத்தை வாக்படர் ருதுசந்தி, அதாவது பருவச் சந்தி என்கிறார். அந்த 14 நாளில் பழைய பருவத்தின் பழக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். திடீரென்று மாற்றினால் அதுவே நோய் தரும். எவ்வளவு கொஞ்சம் என்பதற்கும் அளவு உண்டு: பழகிய தீய வழக்கத்தைக் கால் பங்கு கால் பங்காக, அல்லது அதிலும் கால் பங்காக விட வேண்டும் என்கிறது அதே நூல்.

இப்போது உடலியல் நூலைத் திறந்தால், வெப்பத்துக்குப் பழகுதல் என்ற தலைப்பில் ஏறக்குறைய அதே எண் கிடைக்கிறது. குளிரிலிருந்து வெயிலுக்கு வரும் உடல் முழுதாகப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். முதல் சில நாளில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, அதனால் இதயத் துடிப்பு தணிகிறது. பிறகு வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அளவும் கூடுகிறது, அதில் போகும் உப்பு குறைகிறது. 1930களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் புதிய தொழிலாளிகள் வெப்பத்தில் மயங்கி இறப்பதைத் தடுக்க, அவர்களைப் படிப்படியாகப் பழக்கிய பிறகே முழு வேலைக்கு விட்டார்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் இன்று தரும் பரிந்துரையும் அதே வழியில்: வெயில் வேலைக்குப் புதியவர் முதல் நாள் வழக்கமான நேரத்தில் 20 சதவீதம் மட்டும் செய்யட்டும், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டலாம். வாக்படரின் கால் பங்கும் இந்த ஐந்தில் ஒரு பங்கும் ஒரே புத்தியில் பிறந்தவை.

உடற்பயிற்சிக்கும் இப்படி ஓர் அளவு இருக்கிறது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அரை வலிமைக்கு உழைக்கலாம், மற்றப் பருவங்களில் இன்னும் குறைவாக. அரை வலிமை எது? மூச்சு வாய் வழியாக வரத் தொடங்கும் கட்டம் என்கிறது இன்னொரு பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை. பேச முடிகிறதா, பாட முடிகிறதா என்று பார்த்து உடற்பயிற்சியின் கடுமையை அளக்கும் இன்றைய 'பேச்சுச் சோதனை' இதைவிட நுட்பமான கருவி எதையும் பயன்படுத்தவில்லை.

யாருடைய வசந்தம்?

சென்னையில் ஜனவரி பகல் வெப்பம் சராசரி 29 டிகிரிக்குச் சற்று மேல். ஏப்ரலில் 35. தில்லி 16 டிகிரி ஏறும்போது சென்னை ஏறுவது ஐந்தோ ஆறோ. சிந்து நாட்டில் பிறந்தவராகச் சொல்லப்படும் வாக்படரின் வசந்தத்தைத் திருவள்ளூரிலோ யாழ்ப்பாணத்திலோ அப்படியே எதிர்பார்க்க முடியாது.

நாள்காட்டியும் நம்மை ஏமாற்றுகிறது. சித்திரை முதல் நாள் இப்போது ஏப்ரல் 14. பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்தச் சம இரவு நாள் மார்ச் 20 அல்லது 21. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நம் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிடச் சில நிமிடம் நீளம். 60 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிந்திப் பிந்தி இன்று 24 நாள் இடைவெளி. 1952இல் அமைத்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவர், வானியற்பியலாளர் மேகநாத் சாஹா, இதைத்தான் சுட்டிக்காட்டினார். அவர் குழு தந்த தேசிய நாள்காட்டி 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சித்திரை மார்ச் 22இல் பிறக்கும், லீப் ஆண்டில் ஒரு நாள் முன்னதாக. அரசு வெளியீடுகளின் மூலையில் அது இன்றும் இருக்கிறது, வீட்டுச் சுவருக்கு வரவில்லை.

விளைவு இதுதான். தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். அக்னி நட்சத்திரம் விழுவதும் அதே இரண்டு மாதத்துக்குள். மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில் வேலூரில் உட்கார்ந்துகொண்டு, வசந்தம் என்று புத்தகத்தில் போட்டிருப்பதால் இஞ்சி நீரும் தேனும் வாற்கோதுமையும் சாப்பிட்டு வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி செய்வது வாக்படருக்கே பிடிக்காது. அதே அத்தியாயத்தில் அடுத்து வரும் கோடைப் பகுதி உடற்பயிற்சியைக் குறை, காரமும் உப்பும் புளிப்பும் குறை, குளிர்ந்த நீர்த்த உணவு சாப்பிடு, பகலில் கொஞ்சம் தூங்கலாம் என்கிறது. தமிழ்நாட்டுச் சித்திரைக்குப் பொருந்துவது அதுதான். வசந்தப் பகுதி பொருந்த வேண்டுமானால் மாசி, பங்குனிக்குப் போக வேண்டும். சுஸ்ருதத்தின் ஒரு கணக்கும் வசந்தத்தை அங்கேதான் வைக்கிறது.

இடத்துக்கு ஏற்ப நூலை வளைத்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேரளத்து வைத்தியர்களுக்கு அஷ்டாங்க ஹிருதயமே முதல் நூல். ஆனால் அங்கே ஆண்டின் பெரிய உடல் பராமரிப்பு வசந்தத்தில் நடப்பதில்லை. மழை கொட்டும் கர்க்கடக மாதத்தில், ஞவரை அரிசிக் கஞ்சியோடு நடக்கிறது.

அடுக்களைக்குப் போகுமுன்

மாசிக் கடைசியில் தட்டின் கனத்தைக் குறைப்பது, எண்ணெய்ப் பலகாரத்தைத் தள்ளிப்போடுவது, வெயிலில் செய்யும் வேலையை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுவது, வாரத்தில் சில நாள் பாகற்காயோ சுண்டைக்காயோ வேப்பம்பூ ரசமோ வைப்பது: இவை எதிலும் கெடுதல் இல்லை, பலவற்றில் நன்மை உண்டு. தேன் இருமலின் கடுமையைக் கொஞ்சம் குறைக்கிறது என்பதற்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது. அம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது, பருவக் காய்ச்சலுக்கும் இருக்கிறது. வேப்பிலை அவற்றின் இடத்தைப் பிடிக்காது. மகரந்த ஒவ்வாமைக்காரர் காலையில் சன்னலைச் சாத்தி வைப்பதால் கிடைக்கும் பலன் கோரைக்கிழங்கு நீரில் கிடைக்காது.

கைக்குழந்தை உள்ள வீடுகள் இரண்டு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். வேப்பெண்ணெயும் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. சளிக்கென்று அதைப் புகட்டியதால் வாந்தி, வலிப்பு, மூளை வீக்கம் என்று மருத்துவமனைக்கு வந்த கைக்குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1980களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளில் சிலர் பிழைக்கவில்லை. குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, பருவம் எதுவானாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.